முதலில் பில், கடைசியில் வெப்சைட்: மென்பொருள் பட்டியல்கள் பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

"குறைந்த முதலீட்டில் ஆன்லைன் பிசினஸ் தொடங்க அத்தியாவசியமான 10 மென்பொருள்கள்" என்ற வகைக் கட்டுரைகளையும் வீடியோக்களையும் கொஞ்ச நாளாகச் சேர்த்து வைத்துப் படித்து வருகிறேன். தமிழில் வருபவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் வந்ததன் மறுபதிப்புதான். வரிசைகூட மாறுவதில்லை. முதலில் வெப்சைட் கட்டும் சேவை. அப்புறம் லோகோ வரைய ஒன்று, மொத்தமாக மெயில் அனுப்ப ஒன்று, வாடிக்கையாளர் விவரத்துக்கு ஒன்று, வேலையைப் பிரித்துக் கொடுக்க ஒன்று. ஏழாவதோ எட்டாவதோ கணக்கு மென்பொருள் வரும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "இலவசத் திட்டம் உண்டு" என்று ஒரு வரி.

இந்தப் பட்டியல்களில் பொய் இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. சொல்லும் மென்பொருள்கள் நல்லவைதான். என் புகார் வரிசையைப் பற்றியது. நம்ம ஊர்ப் பக்கம் ஒருவர் இந்த வரிசைப்படி போனால், பணம் முதலில் தேவையில்லாத இடத்துக்குப் போகும். கட்டாயம் தேவைப்படுவது கண்ணில் படும்போது கையில் காசு இருக்காது. சும்மா பொதுவாகச் சொல்லாமல், குமாரபாளையத்தில் லுங்கி விற்பவர் ஒருவரை வைத்துப் பார்ப்போம்.

1. வியாபாரத்தில் எது மாறுகிறது?

காவிரியின் ஒரு கரையில் பவானி, எதிர்க்கரையில் குமாரபாளையம். பவானிக்கு ஜமக்காளம் என்றால் குமாரபாளையத்துக்கு லுங்கி, துண்டு, விசைத்தறி, சாயப்பட்டறை. இங்கே வியாபாரம் நடக்கும் விதம் தெரிந்ததுதான். நூல் வாங்கி, சாயம் போட்டு, பாவு ஓட்டி, கூலித்தறிக்குக் கொடுத்து, வந்த துணியை மடித்து, லேபிள் ஒட்டி, பேல் கட்டி வெளியூர் மொத்த வியாபாரிக்கு அனுப்புவார்கள். பணம் ஒரு மாசமோ இரண்டு மாசமோ கழித்து வரும். வருஷம் முழுக்க வாடிக்கையாளர் என்று சொன்னால் ஒரு இருபது முப்பது பேர். அந்தக் கணக்கு ஒரு பேரேட்டில் அடங்கிவிடும்.

இதே ஆள் ஆன்லைனில் விற்க ஆரம்பித்தால் என்ன ஆகும்? நெய்வது மாறவில்லை, சாயம் மாறவில்லை. முப்பது பெரிய வியாபாரிகளுக்குப் பதில் முந்நூறு சின்ன வாடிக்கையாளர்கள். ஒருத்தருக்கு ஒரு லுங்கி, இன்னொருத்தருக்கு மூணு. ஒருத்தர் நாமக்கல், ஒருத்தர் ஓசூர், ஒருத்தர் பெங்களூரு. பணம் உடனே வரும், ஆனால் சில்லறையாக வரும். "கலர் போட்டோவுல வேற மாதிரி இருந்துச்சு" என்று திரும்பியும் வரும்.

அதாவது மாறுவது சிட்டையின் எண்ணிக்கை. மென்பொருள் என்று ஒன்று தேவைப்படுவதே இந்த இடத்தில்தான். பட்டியல் எழுதுபவர்களுக்கு இது தெரிவதில்லை. கடையின் முகப்பிலிருந்து தொடங்குகிறார்கள். நம் ஆளுக்குக் கல்லாப்பெட்டியில் அல்லவா சிக்கல்?

2. கடை ஏற்கனவே திறந்தாச்சு

வாட்ஸ்அப் பிசினஸ் செயலி 2018 ஜனவரியில் வந்தது. 2019-இல் அதில் கேட்டலாக் வசதியும் வந்தது. யுபிஐ 2016-இல் தொடங்கியது. 2020 ஜனவரி 1 முதல் யுபிஐ வழியாகப் பணம் வாங்கும் வியாபாரியிடம் அதற்கான கட்டணம் பிடிக்கக்கூடாது என்று ஆனது. இந்த இரண்டும் சேர்ந்தே ஒரு கடை. சேலம் பக்கத்து இளம்பிள்ளையைப் பாருங்க. யூடியூபில் இளம்பிள்ளை சேலை என்று தேடினால், சேலையை விரித்துக் காட்டி, விலை சொல்லி, கீழே ஒரு வாட்ஸ்அப் எண் போட்ட வீடியோக்கள் வரிசையாக வரும். பலருக்கும் அந்த எண்தான் வெப்சைட்.

இதற்கும் வரம்பு உண்டு. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான் சேர்க்க முடியும். அதிலும் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டும்தான் செய்தி போய்ச் சேரும். ஆர்டர் எல்லாம் அரட்டைக்குள் கிடக்கும். யார் பணம் போட்டார், யாருக்கு அனுப்பியாச்சு என்று தேடுவதிலேயே ராத்திரி பதினொரு மணி ஆகிவிடும். ஆனால் அந்த வரம்பைத் தொடும்போது ஒருவருக்குத் தன் வியாபாரத்தைப் பற்றி என்ன தேவை என்று தெரிந்திருக்கும். தொடாதவர் வாங்கும் மென்பொருள் யாரோ சொன்னதுதான்.

3. சட்டம் எங்கே போச்சு?

நான் பார்த்த பட்டியல்களில் இல்லாதது ஒரு மாநில எல்லை.

தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு வருஷ விற்பனை 40 லட்சம் ரூபாய் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் என்று பலருக்கும் தெரியும். அதை நம்பித்தான் "சின்னதா ஆரம்பிப்போம், அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார்கள். ஆனால் அந்த 40 லட்சம் மாநிலத்துக்குள் விற்பவருக்கு. ஒரே ஒரு லுங்கியைப் பெங்களூருக்கு விற்றாலும் அது வெளிமாநில விற்பனை. விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு வேண்டும். சில கைவினைப் பொருள்களுக்கு விலக்கு இருக்கிறது. தறி லுங்கி விற்பவர் அதை நம்பி இறங்கக்கூடாது. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் வெளிமாநிலத்துக்கு விற்கவே முடியாது. பெரிய ஆன்லைன் சந்தைகளில் பதிவில்லாமல் விற்க 2023 அக்டோபர் 1 முதல் வழி விட்டிருக்கிறார்கள், அதுவும் சொந்த மாநிலத்துக்குள் மட்டும்.

குமாரபாளையத்திலிருந்து கர்நாடகம் எவ்வளவு தூரம்? இன்ஸ்டாகிராமில் ஒரு ரீல் போட்டால் முதல் ஆர்டரே அங்கிருந்து வரலாம். ஆகவே பில் போடும் மென்பொருள் எட்டாவது இடத்தில் வைக்க வேண்டிய பொருள் இல்லை. யாருக்கு விற்கலாம், யாருக்கு விற்கக்கூடாது என்பதே அங்கேதான் முடிவாகிறது.

எந்த பில்லிங் மென்பொருள்? பட்டியல்கள் இங்கே வசதிகளை ஒப்பிட்டு டேபிள் போடும். நம்ம ஊரில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "உங்க ஆடிட்டர் எதைத் திறப்பார்?" 1986-இல் பெங்களூரில் தொடங்கிய டேலி இன்றும் சிறுநகர வியாபாரத்தில் அசையாமல் இருப்பதற்கு அதன் திரை அழகு காரணம் இல்லை. ஆடிட்டர் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு அது தெரியும், அதனால்தான். சென்னையில் வளர்ந்த ஜோஹோ தன் இன்வாய்ஸ் மென்பொருளை 2021-இல் முழு இலவசமாக்கியது. அதில் பில் போடுவது சுலபம், தொடங்குபவருக்குத் தாராளமாகப் போதும். ஆனால் வருஷக் கடைசியில் அந்தக் கணக்கை ஆடிட்டர் மறுபடியும் கையால் டேலியில் ஏற்றினால், அதற்கான கூலி உங்களிடம்தான் வரும். இலவசம் என்று சொன்னது அங்கே போய் விலை கேட்கும்.

4. இலவசத்தின் ஆயுசு

"இலவசத் திட்டம் உண்டு" என்ற வரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் வைத்திருந்த சிறு கடைக்காரர்களுக்கு அந்த நிறுவனமே ஒரு பக்க வெப்சைட் இலவசமாகக் கொடுத்தது. டீக்கடை, தையல்கடை, ஜவுளிக்கடை எல்லாம் அதில் இருந்தன. 2024 மார்ச்சில் அவற்றை மூடிவிட்டார்கள். பழைய முகவரிக்கு வருபவரை ப்ரொஃபைலுக்குத் திருப்பிவிட்டது ஜூன் 10 வரை. அதற்குப் பிறகு விசிட்டிங் கார்டில் அச்சடித்த முகவரி வெறும் எழுத்து.

அதே கூகுள், சொந்தப் பெயரில் மின்னஞ்சல் வைத்துக்கொள்ளும் சேவையை முன்பு இலவசமாகத் தந்தது. 2012 டிசம்பரில் புதியவர்களுக்கு நிறுத்தியது. 2022 ஜனவரியில் பழைய இலவசக்காரர்களையும் கட்டணத்துக்கு மாறச் சொன்னது. எதிர்ப்பு வந்த பிறகு சொந்த உபயோகத்துக்கு மட்டும் விட்டுக்கொடுத்தது. வியாபாரம் செய்பவர் கட்டத்தான் வேண்டியிருந்தது. டிக்டாக்கில் ஆள் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு 2020 ஜூன் 29 ராத்திரி என்ன ஆனது என்று சொல்லத் தேவையில்லை.

காசு கொடுத்தால் மட்டும் பத்திரமா என்றால், அதுவும் இல்லை. என் சித்தப்பா பையன் துண்டு வியாபாரம் செய்கிறார். காசு கொடுத்துத்தான் வெப்சைட் போட்டார். செய்து கொடுத்தவர் டொமைனைத் தன் பெயரில், தன் மின்னஞ்சலில் பதிவு செய்திருக்கிறார். மூணு வருஷம் ஓடியது. அப்புறம் அவர் தொழிலை விட்டுவிட்டார், போன் எடுப்பதில்லை, டொமைனைப் புதுப்பிக்க ஆளில்லை. காலாவதியான பெயரை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். கவரில், லேபிளில், வண்டி ஸ்டிக்கரில் எல்லாம் அந்தப் பெயர். ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்ச் சமாச்சாரம். அதை யார் பெயரில் எழுதுவது என்று எந்தப் பட்டியலும் அவருக்குச் சொல்லவில்லை.

அதனால் விலையைக் கேட்பதற்கு முன்னால் மூணு கேள்வி கேட்கச் சொல்வேன். இது நாளைக்கு மூடினால் என் கையில் என்ன மிஞ்சும்? என் வாடிக்கையாளர் பெயர், எண், வாங்கிய விவரம் எல்லாவற்றையும் ஒரு எக்செல் கோப்பாக வெளியே எடுக்க முடியுமா? கணக்கு யார் பெயரில் இருக்கிறது? ஜோஹோவுக்கும் இதே கேள்விதான், ஷாப்பிஃபைக்கும் இதே கேள்விதான், பக்கத்துத் தெருப் பையன் செய்து தரும் வெப்சைட்டுக்கும் இதே கேள்விதான்.

5. எதிர்த்தரப்புக்கு நியாயம்

வெப்சைட் வேண்டாம் என்பதல்ல என் கட்சி. ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது ஆர்டர் வந்தால் வாட்ஸ்அப்பில் சமாளிக்க முடியாது. அப்போது தானே பணம் வாங்கி, ஸ்டாக் குறைத்து, கூரியர் சீட்டு அடிக்கும் கடை வேண்டும். வேர்ட்பிரஸ் 2003-இலிருந்து இருக்கிறது, வூகாமர்ஸ் 2011-இலிருந்து. இரண்டும் கட்டற்ற மென்பொருள். தரவு உங்கள் கையில் இருக்கும், இடம் மாற்றலாம். ஆனால் ஹோஸ்டிங் வாடகை, அப்டேட், யாராவது உள்ளே புகுந்தால் சுத்தம் செய்வது எல்லாம் உங்கள் பொறுப்பு. இலவசமாகக் கிடைத்த யானை, தீனி நம்ம செலவு. மாதச் சந்தா வாங்கும் சேவைகள் அந்தத் தீனியைப் பார்த்துக்கொள்கின்றன. அந்தச் சந்தாவுக்கு நியாயம் இருக்கிறது.

கேள்வி, எப்போது என்பதுதான். ஒரு கணக்கு போடுவோம். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். லுங்கி 300 ரூபாய். கூரியர் போக ஒன்றுக்கு லாபம் 40. மாதம் 100 லுங்கி. வெப்சைட் சந்தா மாதம் 2,000 என்றால் 50 லுங்கியின் லாபம் அங்கே போச்சு. எல்லோரும் கேட்வே வழியாகக் கட்டினால் 2 சதவீதம், 30,000-க்கு 600 ரூபாய், இன்னும் 15 லுங்கி. (இதன் மேல் வரும் ஜிஎஸ்டியைப் பதிவு பெற்றவர் வரவு எடுத்துக்கொள்ளலாம் என்பதால் விட்டுவிட்டேன்.) மீதி 35 லுங்கியின் லாபத்தில்தான் திரும்பி வரும் பார்சலுக்கு இரண்டு பக்கக் கூரியர், போட்டோ எடுத்தவர் கூலி, வீட்டில் மடித்து லேபிள் ஒட்டும் பெண்களின் உழைப்பு. வாட்ஸ்அப்பும் சொந்த யுபிஐ க்யூஆரும் வைத்து ஓட்டினால் அந்த 65 லுங்கி லாபம் கையில் நிற்கும். மாதம் 500 லுங்கி விற்பவருக்கு அதே 2,000 ரூபாய் பத்தில் ஒரு பங்குதான். அவர் தாராளமாகக் கட்டலாம்.

பட்டியல் எழுதுபவருக்கு இது 2,000 ரூபாய். நகையை வைத்து முதல் போட்டவருக்கு அது வட்டி கட்ட வேண்டிய பணம். ஆறு மாசத்தில் கடையை மூடுபவர்கள் "ஆன்லைன் நமக்குச் சரிப்படாது" என்று சொல்லிவிட்டுத் தறிக்கூலிக்கே திரும்புகிறார்கள். லுங்கி நன்றாகத்தான் இருந்திருக்கும், சந்தா தின்றிருக்கும்.

6. என் வரிசை

முதலில் வியாபாரத்துக்குத் தனி சிம், தனி வங்கிக் கணக்கு. மென்பொருள் இல்லை என்றாலும் இதுதான் அஸ்திவாரம்; வீட்டுச் செலவும் வியாபாரமும் ஒரே க்யூஆரில் கலந்தால் எந்த மென்பொருளும் பிரித்துத் தராது. இரண்டாவது, ஆடிட்டரைக் கேட்டு பில் மென்பொருள். மூன்றாவது, ஒரு ஷீட்: தேதி, பெயர், எண், ஊர், பொருள், பணம், அனுப்பியது, திரும்பியது. வாரம் ஒரு முறை அதன் நகல் வேறொரு இடத்தில். நான்காவது, சொந்தப் பெயரில், சொந்த மின்னஞ்சலில் ஒரு டொமைன். இப்போதைக்கு வெப்சைட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அது வாட்ஸ்அப் எண்ணுக்குத் திருப்பிவிடட்டும். ஐந்தாவது, அந்த ஷீட் மூணு மாசம் தொடர்ந்து நிரம்பி, எழுத நேரம் போதாமல் திணறும்போது, வெப்சைட்.

லோகோ, மொத்த மெயில், வேலைப் பிரிப்பு எல்லாம் அதற்கப்புறம். மூணு பேர் வேலை செய்யும் இடத்தில் வேலையைப் பிரித்துக் கொடுக்க ஒரு குரல் போதும்.

கூரியர் எடைக் கணக்கும் திரும்பி வரும் பார்சலும் தனிக் குறிப்பாக எழுத வேண்டிய விஷயம், அடுத்து அதை எழுதுகிறேன். அதற்குள் இந்த வரிசையில் வியாபாரம் தொடங்கி, அஞ்சாவது படிக்கு வந்தவர்கள் யாராவது இருந்தால், எந்த எண்ணிக்கையில் வெப்சைட்டுக்கு மாறினீங்க என்று எழுதுங்க. என் கணக்கை உங்கள் கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும்.