பித்தனின் கண்

ஹொங்கொங் இயக்குநர்களான ஜொனி டோ, வாய் கா-ஃபாய் ஆகிய இருவரும் கூடி 2007ஆம் ஆண்டில் ஆக்கிய குற்றவியற் படமொன்று, சீனத்தில் 'தெய்வத் துப்பறிவாளன்' என்று பொருள்படும் பெயரையும் ஆங்கிலத்தில் 'பித்துற்ற துப்பறிவாளன்' என்று பொருள்படும் பெயரையும் தாங்கி வெளிவந்தது. ஒருவனையே தெய்வமென்றும் பித்தனென்றும் அழைக்கும் இவ்விரு பெயர்களுள் எது பொருந்துமென்பதே படம் எழுப்பும் வினாவாகும்.

லவ் சிங்-வான் நடித்த பன் என்னும் பொலிஸ் அதிகாரி தருக்கத்தால் துப்பறிபவனல்லன். கொலையுண்டவர் பட்டதைத் தானும் பட்டு உண்மை காண்பவன். பிரயாணப் பெட்டியொன்றினுள் அடைபட்டு மாடிப்படிகளில் உருட்டப்பட்டு, வெளிவந்ததும் கொலைஞன் இன்னானென்று கூறுகிறான். ஓய்வுபெறும் மேலதிகாரிக்குத் தன் காதையே அறுத்துப் பரிசளித்துப் பதவி இழக்கிறான். (இக்காட்சி பார்ப்போரைத் திடுக்கிடச் செய்வதன்றிப் பெரும்பயன் விளைக்கவில்லை.) ஐந்தாண்டுகளின் பின், காணாமற்போன பொலிஸ்காரனொருவனின் துப்பாக்கி கொள்ளைகளிற் பயன்பட, இளம் அதிகாரியான ஹோ அவனை நாடி வருகிறான்.

மாந்தருள் மறைந்துறையும் குணங்களைத் தனித்தனி ஆட்களாகவே காண்பவன் பன். ஐயத்துக்குரிய சி-வாய் என்பானை அவன் நோக்குங்கால், பெருந்தீனிக்காரன், முரடன், சூழ்ச்சி வல்ல பெண் என எழுவர் தோன்றுகின்றனர். எழுவரும் சீழ்க்கையடித்தவாறு தெருவிற் செல்லும் காட்சி எளிதில் மறக்கற்பாலதன்று. புகையோ கனவொளியோ காட்டி இயக்குநர்கள் நம்மை எச்சரிப்பதில்லை. பன்னின் பார்வையில் எழுவர் நின்ற இடத்தில் மறுகணமே பிறர் பார்வையில் ஒருவன் நிற்கிறான். இடையே நிகழ்ந்தது ஒரு வெட்டு மாத்திரமே. 2008இல் ஹொங்கொங் திரைப்பட விருதுகளிற் சிறந்த திரைக்கதைக்கான பரிசு இதற்குக் கிடைத்தமை வியப்பன்று.

எனினும், பித்தே ஞானமென்று புகழும் மலிவான முடிவிற்குப் படம் இறங்கவில்லை. பிறர் நெஞ்சை ஊடுருவும் அக்கண்ணே, பிரிந்து சென்ற மனைவி இன்னும் தன்னுடன் வாழ்வதாகக் கற்பித்துக்கொள்கிறது. மெய்யான மனைவி எதிரே வந்து நின்றபோதும் கற்பனை மனைவி அகல்வதில்லை. மெய்யும் பொய்யும் ஒரே ஊற்றிற் பிறக்கையில் அவன் சொல்லை எவ்வாறு நம்புவது? ஹோவின் இடர்ப்பாடு இதுவே. அந்த ஹோவினுள் பன் காண்பதோ அஞ்சி நடுங்கும் சிறுவனொருவனை.

இறுதித் துப்பாக்கிச் சண்டை கண்ணாடிகள் நிறைந்த இடத்தில் நிகழ்கிறது. 1947இல் ஓர்சன் வெல்ஸ் 'ஷங்காய்ச் சீமாட்டி'யில் அமைத்த கண்ணாடிக் காட்சியை இது நினைவூட்டும். வெல்ஸின் கண்ணாடிகள் ஒருவரைப் பலராக்கின. இங்கோ, முன்னரே பலராயிருந்தவனைக் கண்ணாடிகள் காட்டிக்கொடுக்கின்றன. இவ்வலங்காரத்தினும் வலியது அதன் பின் வருவது. வீழ்ந்து கிடப்போரிடையே ஹோ துப்பாக்கிகளை ஒரு கையினின்று மறுகைக்கு மாற்றுகிறான். திருப்தியுறாது மீண்டும் மாற்றுகிறான். எந்த ஒழுங்கு வைத்தால் விசாரணையாளர் நம்புவரென்பதே அவன் கவலை. மேலிருந்து நோக்கும் கமரா அவனை விட்டு விலகி மேலே செல்கிறது; அவன் இன்னும் மாற்றிக்கொண்டே இருக்கிறான்.