கல்லை அனுப்பிய கை

ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ள கருங்கல்லைப் பனித்தளத்தில் வழுக்கி அனுப்பித் தூரத்து வட்டத்தின் மையத்தில் நிறுத்துகிற கர்லிங் விளையாட்டை முதன்முதலாகக் காண்போருக்கு, அதில் பலத்தைவிடச் சாந்தமே பிரதானம் என்பது சற்றுத் தாமதமாகத்தான் புலப்படும். கைப்பிடியை விடுகிற கணத்தில் விரல்கள் கொடுக்கும் மிக லேசான திருகலே, நீர்த்துளிகளைத் தெளித்து உறையவைத்த அந்தச் சொரசொரப்பான பரப்பின்மீது, கல்லின் பாதையை மெல்ல வளைத்துவிடுகிறது.

கனடாவின் ஸஸ்காட்செவன் மாகாணத்துப் பிகர் என்ற சிற்றூரில் பிறந்த சாண்ட்ரா ஷ்மெர்லர் இவ்வித்தையில் அடைந்த தேர்ச்சியை அபூர்வமானதென்றே கருதுகிறேன். 1993, 1994, 1997 ஆகிய ஆண்டுகளில் தம் அணிக்கு உலகச் சாம்பியன் பட்டம் பெற்றுத் தந்த அவர், 1997இன் இறுதியில் பிராண்டன் நகரில் நடந்த ஒலிம்பிக் தேர்வின் இறுதியாட்டத்தில், நேர்வழி அடைபட்டிருக்க, ஓரத்தில் நின்ற கல்லொன்றில் தம் கல்லை மோதவிட்டு, அது திசைமாறிச் சென்று எதிரணியின் கல்லை அகற்றும்படி செய்து 3 புள்ளிகள் ஈட்டிய காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் நெஞ்சு ஒருகணம் நின்று துடிக்கிறது. அப்போது அவருக்கு முதல் குழந்தை பிறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. மறு ஆண்டு நாகானோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். 2000 மார்ச்சில், 36ஆம் வயதில், புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று.