நிற்கத் தெரிந்த நடிகன்

2023 ஜூலை முதல் வாரம். ‘மாமன்னன்’ பார்க்க எங்க ஊர்ப் பக்கத்து டவுன் தியேட்டருக்குப் போயிருந்தேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நரைத்த தலையோடு வடிவேலு திரையில் வந்ததும் எனக்குப் பின்வரிசையில் ஒருத்தன் ‘களுக்’கென்று சிரித்தான். அவனைத் தொட்டு நாலைந்து பேர். நானும் சிரித்துவிட்டேன். இதை ஒளிக்காமல் சொல்லிவிட்டுத்தான் மேலே எழுத முடியும்.

திரையில் சிரிக்க ஒன்றுமே இல்லை. வயசான ஒரு மனுசன், தனித்தொகுதி சட்டமன்ற உறுப்பினர், பேசாமல் நிற்கிறார். அவ்வளவுதான். அவர் வாயைத் திறக்குமுன்னே நாங்கள் வாயைத் திறந்துவிட்டோம். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு தானாக அடங்கிப்போச்சு. ஆனால் ‘ஏன்டா சிரிச்சே?’ என்ற கேள்வி எனக்குள் அடங்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தேடிய பதில்.

தெரிந்த நடிகனைத் தெரியாத வேசத்தில் கண்டுபிடிப்பது நம்ம சனத்துக்குப் பழைய விளையாட்டு. டூரிங் டாக்கீஸ் மணல்தரையில் உட்கார்ந்து, “ஏக்கா, இது அந்தப் படத்துல வந்த ஆளுல்ல?” என்று கேட்டு, பக்கத்தில் இருக்கிறவர்களிடம் திட்டு வாங்கிய பிள்ளைதான் நானும். ‘திருவிளையாடல்’ (1965) தருமி நாகேஷ், ‘அபூர்வ சகோதரர்க’ளில் (1989) கொலைகார வில்லனாக வந்தார். ‘மகளிர் மட்டும்’ (1994) படத்தில் பிணமாகவே வந்தார். பிணத்தைப் பார்த்தும் சனம் சிரித்தது. ஆனால் அந்தச் சிரிப்பில் ஒரு மரியாதை இருந்தது. ‘எப்பேர்ப்பட்ட நடிகன், செத்தவனாகவும் நடிக்கிறான் பாரு’ என்ற மரியாதை. வடிவேலு எம்.எல்.ஏ.வாக வந்தபோது எங்களிடமிருந்து வந்த முதல் சிரிப்பில் அந்த மரியாதை இல்லை. ‘இவனெல்லாம் எம்.எல்.ஏ.வா?’ என்பதுதான் அதன் பொருள்.

எதிர்பாராத வேடம் என்கிறோம். எதிர்பார்ப்பை உண்டாக்கியது யார்? அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

1991இல் ராஜ்கிரண் கையைப் பிடித்து ‘என் ராசாவின் மனசிலே’யில் வந்தவர் வடிவேலு. மதுரைக்காரர். அவர் பேசுவது எங்க ஊர்ப் பேச்சு. எங்க பெரியம்மா, மாமா எல்லாரும் அப்படித்தான் பேசுவாங்க. அந்தப் பேச்சைத் திரையில் கேட்டபோது எங்களுக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. கொஞ்ச நாள் கழித்துத்தான் உறைத்தது, அந்தப் பேச்சு வந்தாலே அடுத்து அடி விழும் என்பது. முப்பது வருசத்தில் அந்த உடம்பு வாங்கிய அடிக்குக் கணக்கில்லை. கறுப்பு உடம்பு, ஒல்லி உடம்பு, கூலிக்கார உடம்பு. ‘கரகாட்டக்கார’னில் (1989) கவுண்டமணியிடம் செந்தில் வாங்கிய உதையின் தொடர்ச்சிதான் இது. யாரை அடித்தால் சிரிப்பு வரும் என்பது தமிழ் சினிமாவுக்கு நன்றாகத் தெரியும். யாரை அடித்தால் சிரிப்பு வராது என்பதும் தெரியும்.

வடிவேலு எந்தச் சாதி என்ற விசாரணை எனக்குத் தேவையில்லை. திரை அவருக்கு எந்த இடத்தைக் கொடுத்து வைத்திருந்தது என்பதுதான் என் பேச்சு.

நான் கல்லூரியில் படித்தபோது அரசு விடுதி ஒன்றில் தங்கியிருந்தேன். ‘வின்னர்’ (2003) வந்து ஒரு வருசம் ஆகியிருக்கும். வகுப்பில் எனக்கு வைத்த பேர் ‘கைப்புள்ள’. நான் ஒல்லி, கறுப்பு. அதுபோக, நான் எந்த விடுதியிலிருந்து வருகிறேன் என்பதும் அவர்களுக்குத் தெரியும். சாதியைச் சொல்லிக் கூப்பிட்டால் வழக்கு வரும். கைப்புள்ள என்று கூப்பிட்டால் வராது. நான் கேள்வி கேட்க எழுந்தால் பின்பெஞ்சில் ஒருவன் அந்தப் படத்து வசனத்தை எடுத்துவிடுவான். வகுப்பே சிரிக்கும். வாத்தியாரும் சிரிப்பார். எல்லாரையும்விடக் கேவலம், நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் ‘இவனுக்கு ஜோக்கே புரியலப்பா’ என்பார்கள். மூணு வருசம் அப்படிச் சிரித்தே ஓட்டினேன். தியேட்டரில் எனக்கு முதலில் வந்தது அந்தச் சிரிப்புதான். அது பழக்கிய சிரிப்பு.

1992க்குப் போவோம். ‘தேவர் மகன்’. கமல்ஹாசன் எழுத, பரதன் இயக்கிய படம். அதில் வடிவேலுவுக்கு இசக்கி வேடம். பண்ணை வீட்டுப் பிள்ளை சொன்னார் என்று பூட்டிக்கிடந்த கோயில் பூட்டைத் திறந்துவிட்டவன் இசக்கி. அதற்காக அவன் கை வெட்டப்பட்டது. திறக்கச் சொன்னவருக்கு ஒன்றுமில்லை. கை போனபிறகும் அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஐயாவுக்கு ஆறுதல் சொல்வதுபோலப் பேசினான். படம் அவனை அங்கேயே விட்டுவிட்டு இரண்டு பெரிய வீட்டுப் பங்காளிச் சண்டைக்குப் போய்விட்டது. இசக்கிக்கு அப்புறம் என்ன ஆச்சு? அவனுக்குப் பெண்டு பிள்ளைகள் உண்டா? ஒத்தைக் கையோடு என்ன வேலை செய்தான்? யாரும் கேட்கவில்லை.

கேட்ட ஆள் மாரி செல்வராஜ். 2023 ஜூனில் ‘மாமன்னன்’ பாடல் வெளியீட்டு விழாவில், கமல்ஹாசன் முன்னிலையிலேயே, ‘தேவர் மக’னின் இசக்கிதான் இந்தப் படத்தின் மாமன்னன் என்று சொன்னார். இதைச் சும்மா மேடைப்பேச்சு என்று தள்ள முடியாது. ஒரு படத்தில் வெட்டுப்பட்டவனை முப்பத்தொரு வருசம் கழித்து, அதே நடிகனின் உடம்போடு இன்னொரு படத்துக்குள் கூட்டிவந்திருக்கிறார். வேறு பெரிய நடிகர் யாரையாவது போட்டிருந்தால் நடிப்பு நன்றாக இருந்திருக்கலாம். இந்தக் கணக்கு நேராகியிருக்காது.

இன்னொரு குசும்பையும் கவனிக்க வேண்டும். ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’யில் (2006) இதே தலையில் கிரீடம் வைத்தார்கள். இவன் ராசாவா என்று நாடே சிரித்தது. சிம்புதேவனின் அந்தப் படம் ராசாக்களைக் கிண்டலடித்த நல்ல படம், அதை மறுக்கவில்லை. ஆனால் கிரீடம் வைத்தால் சிரிப்பு வரும் தலை எது என்று பார்த்துத்தான் வைத்தார்கள். பதினேழு வருசம் கழித்து அதே ஆளுக்கு மாமன்னன் என்று பேர். இப்போது கிரீடம் இல்லை, உட்கார ஒரு நாற்காலிகூட இல்லை.

நாற்காலிதான் படத்தின் மையம். கட்சியின் மாவட்டப் பெரும்புள்ளி ரத்னவேலு வீட்டுக்கு மாமன்னனும் மகன் அதிவீரனும் போகிறார்கள். மகன் உட்கார்ந்திருக்கிறான். எம்.எல்.ஏ.வாகிய அப்பா நின்றுகொண்டிருக்கிறார். ரத்னவேலுவின் அப்பா காலத்திலிருந்தே அந்த வீட்டில் அவர் நிற்கிற ஆள்தான். உட்காரச் சொல்லி மகன் பிடிவாதம் பிடிக்கிறான். அதிலிருந்துதான் கைகலப்பு.

அந்தக் காட்சியில் வடிவேலு நிற்பதைக் கவனியுங்கள். தோள் குறுகி, முதுகு லேசாக வளைந்து, எதிராளியின் முகத்தைப் பார்த்தும் பாராமலும், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல். இது புது நடிப்பா? இல்லவே இல்லை. முப்பது வருசமாகக் காமெடியில் பெரிய மனுசர் எதிரே அவர் நின்ற அதே நிற்றல். அங்கே அதோடு ஒரு முழி, ஒரு இழுவை, பின்னணியில் ஒரு ‘டொய்ங்’ இருந்தது. அதனால் சிரித்தோம். இங்கே அதையெல்லாம் எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது பயம், தலைமுறை தலைமுறையாக வந்த பயம். அந்த நிற்றலில் இது அன்றைக்கும் இருந்தது. நமக்குத்தான் தெரியவில்லை.

வடிவேலு மாறிவிட்டார், குணச்சித்திர நடிகராகிவிட்டார் என்றெல்லாம் பத்திரிகைகள் எழுதின. நான் அப்படிப் பார்க்கவில்லை. அவர் அதே ஆள்தான். கூடவே வந்த சிரிப்பை மட்டும் கழித்துவிட்டார்கள். கழித்தபிறகு, இத்தனை நாள் நாம் எதைப் பார்த்துச் சிரித்தோம் என்பது அம்மணமாகத் தெரிந்துபோச்சு.

இது சினிமாக் கதை மட்டுமில்லை. எங்க மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் தனி ஊராட்சிகளில் 1996 தொடங்கி 2006 வரை தலித் ஒருவர் தலைவராக உட்கார முடியவில்லை. மேலவளவில் முருகேசன் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்ததற்காக 1997 ஜூன் 30 அன்று தோழர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். ‘மாமன்னன்’ வெளியானது ஜூன் 29. அந்த நினைவுநாளுக்கு முதல்நாள். எங்க பக்கத்துச் சனம் அதைக் கவனிக்காமல் இருக்காது. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரான பெண், மற்றவர்கள் நாற்காலியில் இருக்கத் தரையில் உட்கார்ந்திருந்த படம் வெளிவந்தது. படத்தின் முடிவில் மாமன்னன் சபாநாயகராவதை ‘சினிமாத்தனம்’ என்று சிரித்தவர்களுக்கு ஒரு தகவல்: 1946 முதல் 1955 வரை சென்னைச் சட்டமன்ற சபாநாயகராக இருந்த ஜெ. சிவசண்முகம் பிள்ளை தலித்துதான். 2012 முதல் 2021 வரை ப. தனபால் இருந்தார். நாற்காலி அவ்வப்போது கிடைத்திருக்கிறது. சபாநாயகர் எழுந்தால் அவையில் மற்றவர்கள் உட்கார வேண்டும். ஆனால் சபைக்கு வெளியே யார் நிற்பது, யார் உட்காருவது என்பதை ஊர்தான் தீர்மானிக்கிறது.

இனிப் படத்தின் மறுபக்கம். தெரிந்த முகத்தைத் தெரியாத இடத்தில் வைக்கும் உத்திக்கு இரண்டு பக்கமும் கூர் உண்டு. ரத்னவேலுவாக ஃபகத் ஃபாசில். மலையாளத்தில் நாம் ரசித்த நடிகர். ‘கும்பளங்கி நைட்ஸ்’ (2019) படத்தில் ஆம்பளைத் திமிரைக் கேலிப்பொருளாக்கிக் காட்டியவர். அவரைச் சாதிவெறியனாகப் போட்டால் சாதிவெறியை நெருங்கிப் பார்க்கலாம் என்று இயக்குநர் நினைத்திருக்கலாம். நடந்தது வேறு. ஜூலைக் கடைசியில் படம் இணையத் திரைக்கு வந்ததும், ரத்னவேலு காட்சிகளை மட்டும் வெட்டி எடுத்து, தங்கள் தங்கள் சாதிப்பாட்டைச் சேர்த்து, அவனைத் தங்கள் நாயகனாக்கிப் பரப்பினார்கள். பந்தயத்தில் தோற்ற நாயை அடித்தே கொல்கிறவன் அவன்! அதையும் வீரம் என்றார்கள்.

இதற்குப் பார்த்தவர்கள்மேல் மட்டும் பழி போட்டால் விமர்சனம் ஆகாது. ரத்னவேலுவுக்கு நாய், கோபம், மௌனம், வீட்டுக்குள் ஒரு வாழ்க்கை என்று செதுக்கிக் கொடுத்த அளவுக்கு உதயநிதி ஸ்டாலின் நடித்த அதிவீரனுக்குக் கொடுக்கவில்லை. மாமன்னனின் மனைவி என்ன நினைக்கிறாள் என்று நமக்குக் கடைசிவரை தெரியாது. எதிரிக்கு அழகையும் நம்ம ஆளுக்கு நியாயத்தையும் பங்குவைத்தால், பொதுப்புத்தி அழகின் பக்கம்தான் போகும். இதை நம் படைப்பாளிகள் யோசிக்க வேண்டும்.

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். ‘கபாலி’யில் (2016) ரஜினிகாந்த் ஒய்.பி. சத்தியநாராயணாவின் ‘மை ஃபாதர் பாலையா’ புத்தகத்தைப் படித்தபோது கைதட்டினோம். ‘விருமாண்டி’ (2004) கொத்தாளத் தேவர் பசுபதி, ‘சார்பட்டா பரம்பரை’யில் (2021) ரங்கன் வாத்தியாரானபோது பூரித்தோம். தெரிந்த முகங்கள் நம் கதைக்குள் வந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் ‘பரியேறும் பெருமா’ளில் (2018) பரியனின் அப்பாவாக நடித்தாரே தங்கராசு, அவரை எத்தனை பேருக்குத் தெரிந்தது? நெல்லைப் பக்கத்தில் பெண்வேசம் கட்டி ஆடிய நாட்டுப்புறக் கலைஞர். அதே வேடத்தில்தான் படத்திலும் வந்தார். கல்லூரி வாசலில் வேட்டி உருவப்பட்டு ஓடினாரே, அந்த ஓட்டத்தைப் பார்த்து ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அவரைப் பார்த்துச் சிரிக்க யாரும் நம்மைப் பழக்கியிருக்கவில்லை. 2023 பிப்ரவரியில் அவர் இறந்துபோனார். எதிர்பாராத வேடம் ஒன்று கிடைக்க வேண்டுமென்றால் முதலில் எதிர்பார்க்கிற அளவுக்கு ஒரு முகம் திரையில் இருக்க வேண்டும். தங்கராசு மாதிரி ஆட்களுக்கு அந்த முதல் வாய்ப்பே வயசான பிறகுதான் வருகிறது.

படம் இணையத் திரைக்கு வந்தபிறகு வீட்டில் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். வயக்காட்டு வேலையிலேயே காலம் போன மனுசர். நாற்காலிக் காட்சி வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் சொன்னார்:

“நல்லா நிக்கிறான்யா. நாங்கள்லாம் இப்பிடித்தான் நிப்போம்.”

“சிரிப்பு வரலையாப்பா?” என்று கேட்டேன்.

“எதுக்குய்யா சிரிக்கணும்?” என்று என்னைத் திருப்பிக் கேட்டார். அப்புறம் தான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.