மெகாவாட் கணக்கும் கரிக் கணக்கும்

கடலூர் மாவட்டம் நெய்வேலியில் 1962 முதல் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் தயாரித்துவரும் என்.எல்.சி., சூரிய மின்சாரத்தில் 1,000 மெகாவாட்டைத் தாண்டிய முதல் மத்தியப் பொதுத்துறை நிறுவனமும்கூட. கரியைத் தோண்டி வளர்ந்த நிறுவனம் வெயிலிலும் பெரிய அளவில் முதலிட முடியும் என்பதை இது மெய்ப்பித்தது. பாராட்ட வேண்டிய காரியம். ஆனால், உமிழ்வு குறைந்ததா என்ற கேள்விக்கு மெகாவாட் விடை சொல்லாது. அது நிறுவுதிறன் மட்டுமே. சூரியத் தகடுகள் ஆண்டுச் சராசரியில் தம் திறனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே உற்பத்தி செய்கின்றன; அதாவது, மெகாவாட்டுக்கு ஆண்டில் சுமார் 17 லட்சம் யூனிட். முக்கால் திறனில் ஓடும் அனல்மின் நிலையமோ மெகாவாட்டுக்கு 65 லட்சம் யூனிட் தரும். அதுவும் ஈரம் மிகுந்த பழுப்பு நிலக்கரியில், யூனிட்டுக்கு ஒரு கிலோவுக்கு மேல் கரியமில வாயுவோடு. 600 மெகாவாட் கொண்ட பழைய முதல் அனல்மின் நிலையம் 2020இல் மூடப்பட்டது. புதிதாக வந்ததும் 1,000 மெகாவாட் அனல்மின் நிலையமே. அது பழையதைவிடத் திறன் கூடியது என்பது உண்மை. ஆயினும் வெயில் கரியின் இடத்தைப் பிடிக்கவில்லை. அதன் பக்கத்தில் வந்து நின்றது, அவ்வளவே.

இந்தக் கூட்டல் கணக்கின் சுமை ஒரே மாவட்டத்தின் தலையில் விழுகிறது. என்.எல்.சி.யின் சூரியத் தகடுகளில் பெரும்பகுதி தென்மாவட்டங்களில் இருக்கிறது. சுரங்கமும் புகையும் கடலூரில். 2023 ஜூலையில் வளையமாதேவியில், சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பும் வாய்க்கால் வெட்ட, விளைந்துகொண்டிருந்த நெல் வயலில் பொக்லைன் இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிர்வாகம். அறுவடைவரை பொறுத்திருக்கக் கூடாதா என்ற கேள்வி அதனால் அடங்கவில்லை. சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டைப் பகுதியிலும் வேறொரு நிறுவனத்தின் 1,200 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் எழுந்தது. அருகிலேயே கரிமத்தைச் சேற்றில் சேமித்துவைக்கும் பிச்சாவரம் அலையாத்திக் காடு.

வளரும் நாட்டுக்கு மலிவான மின்சாரம் வேண்டும், இந்தியரின் தலைக்கணக்கு உமிழ்வு அமெரிக்கருடையதில் சிறு பங்குதான் என்பார்கள். நியாயமான வாதம். ஆனால் அந்த நியாயம் நாடுகளுக்கிடையிலான பேரத்துக்குரியது. வளையமாதேவி விவசாயியின் இழப்பை அது ஈடுகட்டாது. மாலையில் விளக்கேற்றும் நேரத்தில் வெயில் இருக்காது என்பது இன்னும் வலுவான தடை. அதற்கு மறுமொழி மின்கலச் சேமிப்பு; புதுச் சுரங்கமல்ல. மண் நிரப்பி மூடிய பழைய சுரங்க நிலமும் மின்கடத்திப் பாதைகளும் நெய்வேலியிலேயே இருக்கின்றன. தகடுகளையும் மின்கலங்களையும் அங்கே நிறுவினால் விளைநிலம் தப்பும், தொழிலாளர்களுக்கும் உள்ளூரில் மாற்று வேலை பிறக்கும்.

ஆகவே, எத்தனை மெகாவாட் கூடியது என்பதோடு, எத்தனை டன் கரி எரியாமல் நின்றது என்பதையும் ஆண்டுதோறும் என்.எல்.சி. மக்கள்முன் வைக்க வேண்டும். அந்த இரண்டாவது எண் உயராதவரை, முதல் எண்ணைப் பசுமைச் சாதனை என்று ஏற்பதற்கில்லை.