அரிக்கமேட்டில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

அரிக்கமேடு புதுச்சேரிக்குத் தெற்கே ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தொலைவில், அரியாங்குப்பம் ஆறு கடலைச் சேருமுன் வளைந்து போகும் கரையில் உள்ள மண்மேடு. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ்’ என்னும் கடல்வழிக் கையேடு கமரா, பொதுகே, சோபட்மா என மூன்று துறைமுகங்களைச் சொல்கிறது. அவற்றுள் பொதுகே இந்த மேடுதான் என்பது அறிஞர் பலர் ஏற்கும் கருத்து. இது கிரேக்கர் கட்டிய நகரம் அன்று. யவனர் என்று தமிழர் அழைத்த கிரேக்க, ரோமானியரின் சரக்கு வந்திறங்கிய தமிழ் ஊர். ஆனாலும் பழைய கிரேக்க உலகின் தடயத்தை வடதமிழ்நாட்டிலிருந்து ஒரே நாளில் போய்ப் பார்த்துத் திரும்ப இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. கல்வராயன் மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சி, விழுப்புரம் வழியாகப் புதுச்சேரிக்குப் போகும் பள்ளிச் சுற்றுலா ஒன்று, கடற்கரைக்கு ஒதுக்கிய நேரத்தில் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் இங்கும் வந்துவிடலாம். அப்படி வருவதால் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும், இடத்துக்கு என்ன நேரும் என்பது எடைபோட வேண்டிய கேள்வி.

முதல் சிக்கல் எதிர்பார்ப்பில் இருக்கிறது. பழைய கிரேக்க நகரம் என்றதும் பாடநூல் படங்களில் பார்த்த பளிங்குத் தூண்கள்தாம் மனத்தில் வரும். இன்றைய துருக்கியில் உள்ள எபேசஸ் நகரத்தில் பயணிகள் வியந்து நிற்கும் செல்சஸ் நூலகத்தின் முகப்பு, இடிந்து கிடந்த கற்களைக் கொண்டு 1970களில் மீண்டும் நிறுத்தப்பட்டது. ஏதென்சின் அக்ரோபோலிசில் கூட்டம் தாங்காமல் 2023 செப்டம்பரிலிருந்து நாளொன்றுக்கு 20,000 பேர் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அரிக்கமேட்டில் அப்படி நிமிர்ந்து நிற்பது எதுவும் இல்லை. தமிழ்நாட்டின் பழைய ஊர்கள் செங்கல்லாலும் மண்ணாலும் மரத்தாலும் ஆனவை. அவற்றில் எஞ்சியவை மண்ணுக்கு அடியில்தான் கிடக்கின்றன.

மேட்டில் நிற்பதாகக் கண்ணுக்குத் தெரியும் இடிந்த சுவர்களோ 18ஆம் நூற்றாண்டில் கிறித்தவ மறைப்பணியாளர்கள் எழுப்பிய கட்டடத்தின் எச்சம். ‘ரோமர் கால இடிபாடு’ என்று நம்பி அதன்முன் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறவர், பதினேழு நூற்றாண்டுகள் தள்ளிய ஒன்றைப் பார்த்துவிட்டுப் போகிறார். சொல்லித்தர ஆளில்லாமல் இடிபாட்டைப் பார்ப்பதன் பெரிய குறை இதுதான். ஒன்றும் தெரியாமல் போனவர், தவறாகத் தெரிந்துகொண்டு திரும்புகிறார். அறியாமையைப் படித்துப் போக்கிவிடலாம். கண்ணால் கண்டேன் என்ற உறுதியோடு வரும் பிழையை நீக்குவது எளிதல்ல.

அகழ்ந்த குழிகளை மறுபடி மூடிவிட்டதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். அது குறையன்று. உப்புக்காற்றிலும் வடகிழக்குப் பருவமழையிலும் திறந்து கிடக்கும் இரண்டாயிரம் ஆண்டுச் செங்கல் சில பத்தாண்டுகளிலேயே உதிர்ந்துவிடும். மூடிய மண்தான் அதற்குக் காவல். ஆனால் மூடியது எங்கே, உள்ளே இருப்பது என்ன என்று காட்டும் வரைபடம் பார்வையாளர் கையில் இருந்தாக வேண்டும். அது இல்லாதபோது மேடு வெறும் தோப்பாகத்தான் தெரியும்.

இந்த இடம் அறியப்பட்ட கதையே பார்க்கும் முறையைக் கற்றுத்தருகிறது. வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைக் காணப் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ழாந்தீ 18ஆம் நூற்றாண்டிலேயே இங்குள்ள பழஞ்செங்கற்களைக் குறித்துவைத்தார். 1937இல் பிரெஞ்சுத் தொல்லியலறிஞர் ழுவோ துப்ரெய், ஊர்ச் சிறுவர்கள் பொறுக்கிவந்த கல்மணிகளைக் கண்டு இடத்தின் மதிப்பை உணர்ந்தார். 1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியக அலமாரி ஒன்றில் கிடந்த மண்பாண்டத் துண்டை எடுத்துப் பார்த்தார். அது மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடியாகிய ஆம்போராவின் பகுதி. எங்கிருந்து வந்தது என்று விசாரித்துக்கொண்டு அவர் புதுச்சேரிக்குப் போனார், 1945இல் அகழ்ந்தார். பொருளை அறிந்த கண்ணோடு அவர் மண்ணை மிதித்தார். சுற்றுலா செல்பவர் பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறார். மேட்டுக்கு நேராகப் போய், எதுவும் புரியாமல், அருங்காட்சியகத்துக்கு நேரமில்லாமல் பேருந்து ஏறுகிறார்.

வீலரின் அகழ்வு தென்னிந்தியத் தொல்லியலுக்கு ஒரு பெருங்கொடை. இத்தாலியில் செய்யப்பட்ட அரெட்டைன் பாண்டங்களின் காலம் உறுதியாகத் தெரியும். அவற்றோடு ஒரே மண்ணடுக்கில் கிடைத்த உள்ளூர்ப் பாண்டங்களுக்கும் அதைக்கொண்டு காலம் குறிக்க முடிந்தது. ஆனால் அவர் தந்த விளக்கம் இடத்தை யவனர் பக்கமே சாய்த்துவிட்டது. ‘இந்திய-ரோமானிய வணிக நிலையம்’ என்று அவர் இட்ட பெயர் இன்றும் அறிமுகக் குறிப்புகளில் நிலைத்திருக்கிறது. 1989 முதல் 1992 வரை அகழ்ந்த விமலா பெக்லி, யவனச் சரக்கு வருவதற்கு முன்பே இங்கு ஊர் இருந்ததைக் காட்டினார். வெளிநாட்டுத் தொடர்பின் அடையாளமாகக் கருதப்பட்ட ரூலெட்டட் பாண்டங்கள் இந்தியாவிலேயே செய்யப்பட்டவை என்ற முடிவும் பின்னர் வலுப்பெற்றது. துணிக்குச் சாயம் தோய்த்த தொட்டிகள் என்று வீலர் கருதிய செங்கல் தொட்டிகளின் பயன் பற்றியும் ஒருமித்த கருத்து இல்லை.

இங்கே கிடைத்த ஆம்போரா துண்டுகளில் கணிசமானவை, ஈஜியன் கடலில் உள்ள கோஸ் என்ற கிரேக்கத் தீவின் பாணியில் இரட்டை உருளைப் பிடியோடு செய்யப்பட்டவை. அந்தச் சாடியில் வந்த மதுவைப் பற்றிப் பேசும் அளவுக்கு, இந்த மேட்டிலேயே கண்ணாடிக் குழாயை இழுத்து நறுக்கி மணி செய்த கைவினைஞரைப் பற்றி வருகிறவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. அவ்வகை மணிகள் தென்கிழக்கு ஆசியா வரை பரவிக் கிடக்கின்றன. பானை ஓடுகளில் தமிழ் பிராமியில் பெயர் கீறியவர்களும் இவ்வூரார். யவனரைத் தேடி வருவது தவறில்லை. யவனரை மட்டும் தேடுவதுதான் பார்வையைக் குறுக்குகிறது.

இவ்வளவு குறைகளுக்குப் பிறகும் நேரில் போவதற்கு ஈடாக ஒன்றும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். துறைமுகம் ஏன் கடலோரத்தில் இல்லாமல் ஆற்றின் வளைவில் இருந்தது என்பதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பானை ஓடு சொல்லாது. மேட்டில் நின்று ஆற்றைப் பார்த்தால் விளங்கும்: திறந்த சோழமண்டலக் கரையின் அலையிலிருந்து ஒதுங்க, அமைதியான நீர் இங்கே இருக்கிறது. இடத்தின் அளவும் ஒரு பாடம். நடந்தே சுற்றிவிடக்கூடிய இந்தச் சிறிய மேடு, மாபெரும் ரோமானிய நகரம் என்ற கற்பனையைத் திருத்திவிடும். ஊரின் சிறுமையும் சரக்கின் நெடும்பயணமும் ஒருசேர மனத்தில் பதிவது அங்கே மட்டும்தான்.

பார்வையாளர் வருகைக்கு இன்னொரு பலனும் உண்டு. ஆள் நடமாட்டம் இல்லாத தொல்லிடத்தைச் செங்கல்லுக்காகத் தோண்டுவோரும் மனை போடுவோரும் அரித்துவிடுவார்கள். மக்கள் வந்து கேள்வி கேட்கும் இடத்தில் அது கடினம். ஆனால் அதே வருகைதான் மணிகளையும் கொண்டுபோகிறது. மழைக்குப்பின் மண்ணில் மின்னும் ஒரு மணியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது பலருக்குக் குற்றமாகத் தோன்றுவதில்லை. கிடந்த இடத்திலிருந்து பிரிந்த மணி, உறை கிழிந்து முகவரி போன கடிதத்துக்குச் சமம். அழகு இருக்கும், எங்கிருந்து வந்தது என்ற செய்தி போய்விடும். பாதுகாக்கப்பட்ட தொல்லிடத்திலிருந்து பொருளை எடுப்பது சட்டப்படியும் குற்றம்.

கச்சிராயபாளையத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பயணத்தின் முதல் நிறுத்தம் சொந்த வட்டாரத்திலேயே இருக்கிறது. திருக்கோவிலூர்ப் பகுதியில் உள்ள ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டு, சங்ககால அரசன் அதியமான் நெடுமான் அஞ்சி அளித்த கற்படுகையைக் குறிப்பதோடு அவனைச் ‘சதியபுதோ’ என்கிறது. அசோகரின் இரண்டாம் பாறைக் கட்டளை சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சதியபுத்திரரையும், அதே வரிசையில் அந்தியோக்கன் என்ற யவன அரசனையும் சொல்கிறது. சதியபுத்திரர் யார் என்று நெடுங்காலம் நடந்த வழக்குக்கு ஜம்பைதான் விடை தந்தது. கல்வராயன் மலைக்குக் கிழக்கே இருக்கும் பாறையொன்று இந்தப் பெரிய உலகத்தோடு பேசுகிறது என்று அறிந்த பிள்ளை, அரிக்கமேட்டை வேறு கண்ணோடு பார்க்கும்.

பார்வையாளருக்கு இடம் தர வேண்டியதைத் தரும் முயற்சிகள் தமிழ்நாட்டிலேயே தொடங்கிவிட்டன. கீழடிப் பொருள்களுக்கு அகழ்விடத்துக்கு அருகிலேயே 2023இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் ஆதிச்சநல்லூரில், தோண்டிய குழியில் தாழிகள் இருந்தபடியே இருக்க, மேலே கண்ணாடித் தளம் அமைத்துக் காட்டினார்கள். உப்புக்காற்று வீசும் அரிக்கமேட்டுக்குக் கண்ணாடித் தளம் பொருந்துமா என்பது ஐயமே. குழிகள் இருந்த இடங்களை நிலத்தின்மேல் கல் பதித்துக் குறிப்பதும், சுவர் எந்த நூற்றாண்டினது என்று தமிழில் எழுதிய பலகை ஒன்றை அதன் அருகே நடுவதும் உடனே செய்யக்கூடியவை.

அதுவரை பொறுப்பு அழைத்துப்போகும் ஆசிரியருடையது. ஜம்பையை முன்னதாக ஒரு நாள் பார்த்துவிட்டு, புதுச்சேரியில் முதலில் அருங்காட்சியகம், பிறகு மேடு என்று வரிசைப்படுத்துங்கள். எதையும் பொறுக்க வேண்டாம் என்று பேருந்திலேயே சொல்லிவிடுங்கள். அரிக்கமேட்டுப் பானை ஓடுகளும் மணிகளும் உள்ள புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. நாளைக் குறிக்கும்போது அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.