பழங்கிட்டாருக்குப் புதுவண்ணம் – ஒரு திறனாய்வு

ஓவியத்தையும் சிற்பத்தையும் திறனாய்வுக்குரிய பொருள்களாக ஏற்றுக்கொண்ட நாம், அவற்றைப் பழுதுபார்த்துப் புதுக்குவோரின் தொழிலை அவ்வாறு நோக்குவதில்லை. இசைக்கருவியைப் புதுக்குவோரின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. தச்சு வேலை, வண்ணம் பூசும் வேலை என்று அதனை ஒதுக்கிவிடுகிறோம். ஆயினும், 1950களிலும் 1960களிலும் அமெரிக்காவில் உருவான மின்கிட்டார்களை இன்று புதுக்கும் முறையைக் கூர்ந்து நோக்குவோமாயின், உப்புத்தாள் உரசும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு தீர்ப்பு அடங்கியிருத்தலைக் காணலாம். எதைக் காப்பது, எதை அழிப்பது, கருவியை எந்த நாளின் நிலைக்குத் திருப்புவது என்னும் வினாக்களுக்கு விடை காணாமல் அத்தொழிலில் கைவைக்க இயலாது. அவ்விடைகளுள் சில நல்லவை. பல தீயவை என்பதே என் கருத்து.

முதற்கண் பூச்சின் இயல்பை அறிதல் வேண்டும். ஃபெண்டர், கிப்சன் ஆகிய நிறுவனங்கள் அக்காலத்தில் பயன்படுத்தியது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். 1920களில் மோட்டார் வண்டிகளின் வழியே பெரிதும் பரவிய பூச்சு அது. ஃபெண்டரின் தனிவண்ணங்களுள் சில வண்டிகளிடமிருந்து வந்தவையே. 'லேக் பிளாசிட்' நீலம் கேடிலாக் வண்டியின் நிறம். இந்த லாக்கரில் புதிதாகப் பூசும் அடுக்கு பழைய அடுக்கைச் சற்றே கரைத்து அதனோடு ஒன்றிவிடும். ஆதலின் சிறு கீறலைத் தடம் தெரியாமல் சரிசெய்ய முடியும். பின்னாளில் வந்த தடித்த பாலியெஸ்டர் பூச்சுக்கு இக்குணம் இல்லை. எனினும், லாக்கர் மாறாது நிற்பதன்று. ஆண்டுகள் செல்லச்செல்ல மஞ்சளிக்கும். கடுங்குளிரில் நுண்ணிய வெடிப்புகள் காணும். கை படும் இடத்தில் தேயும். வெள்ளைக் கிட்டார் வெண்ணெய் நிறமாகும். நீலம் பச்சையை நோக்கிச் சாயும். 1958 முதல் 1960 வரை கிப்சன் செய்த 'சன்பர்ஸ்ட்' லெஸ் பால் கிட்டார்களில் பூசிய சிவப்புச் சாயம் ஒளி பட்டு வெளுத்தது. சிலவற்றில் சிவப்பே மறைந்து தேன்நிறம் எஞ்சியது. நிறுவனம் குறையென்று கருதி 1960இல் சாயத்தையே மாற்றியது. அக்குறைக்காகவே இன்று செல்வர் போட்டியிடுகின்றனர்! அவற்றின் 'உண்மை' நிறம் யாது? தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளின் சிவப்பா, இன்றைய தேன்நிறமா?

இவ்வினாவை எண்ணிப் பாராமல் உரிக்கத் தொடங்குவோரே பலர். ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954இல் வெளிவந்தபோது அதன் சிறப்புகளுள் ஒன்று, மார்பும் முன்கையும் உறுத்தாமல் படியுமாறு மரத்தைச் சரித்துச் செதுக்கிய வடிவம். உப்புத்தாளை விசையோடு ஓட்டினால் அச்சரிவுகள் மழுங்கும், விளிம்புகள் கரையும். வண்ணத்தை மீண்டும் பூசலாம். போன மரம் மீளாது. தேர்ந்த கைவினைஞர் மருந்தாலோ வெப்பத்தாலோ பூச்சை இளக்கி எடுப்பர். அதற்கும் முன்பாக, மேற்பலகையைக் கழற்றி, ஒளி படாத உட்குழிகளில் எஞ்சியிருக்கும் பழைய நிறத்தை ஆராய்வர். உள்ளே, ஒலியளவுக் குமிழின் அடியில் அது செய்யப்பட்ட வாரத்தைக் குறிக்கும் எண் பொறித்திருக்கலாம். கழுத்தின் அடியில் பென்சிலால் எழுதிய தேதி இருக்கலாம். எவரும் தொடாத ஈயப்பற்று இருக்கலாம். இவை அனைத்தும் சான்றுகள். பின்னர், மரத்தின் நுண்துளைகளை நிரப்பி, மஞ்சளை நடுவிலும் கருமையை ஓரத்திலும் சிவப்பை இடையிலும் தெளித்து, மெல்லிய லாக்கர் அடுக்குகளை ஏற்றி, வாரக்கணக்கில் உலரவிட்டு, நீர் தொட்டுத் தேய்த்து மெருகேற்றுவர். காத்திருக்கும் அந்த வாரங்களே இத்தொழிலில் மிகக் கடினமான பகுதி என்பேன்.

புதுப்பூச்சுப் பெற்ற கிட்டாரின் விலை ஏறத்தாழப் பாதியாகும் என்பது வணிகர் வழங்கும் கணக்கு. ஆகவே, 'தொடாதே' என்று அவர்கள் அறிவுரை கூறுகின்றனர். அறிவுரை பெரும்பாலும் சரியே. காரணந்தான் எனக்கு உடன்பாடில்லை. அயர்லாந்துக் கலைஞர் ரோரி கேலகர் 1963இல் கார்க் நகரில் வாங்கிய 1961ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டோகாஸ்டரை நோக்குக. வாழ்நாளெல்லாம் வாசித்து அதன் பூச்சின் பெரும்பகுதி உதிர்ந்து மரம் வெளிப்பட்டது. விரற்பலகையின் மெட்டுகள் தேயத்தேய மாற்றப்பட்டன. பூச்சு மட்டும் மாற்றப்படவில்லை. வாசிப்புக்குத் தேவையானதைப் புதுக்குதல் வேறு, கண்ணுக்காகப் புதுக்குதல் வேறு என்னும் பகுப்பை எந்த நூலும் இதனினும் தெளிவாகக் கூறாது. 2024இல் ஏலம் போன அக்கருவி, பின்னர் அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்கு வழங்கப்பட்டது.

இத்தகைய தேய்மானத்தையே சரக்காக்கி, 1995 முதல் 'ரெலிக்' என்ற பெயரில் புதிய கிட்டார்களைத் தேய்த்து விற்கிறது ஃபெண்டர். புதுக்குவோரும் அவ்வழியே குளிர்தெளிப்பால் வெடிப்புகளை உண்டாக்குகின்றனர். வாசிக்காத கையின் தேய்மானம் அது. என்னால் அதைப் பாராட்ட இயலவில்லை. ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முன்பே எவரோ உரித்துவிட்ட பழைய உடலுக்குப் புதிதாகப் பளபளப்பேற்றினால், துருவேறிய திருகாணிகளின் நடுவே அது பொருந்தாமல் துருத்தி நிற்கும். அங்கே அளவாக மங்கச் செய்வதில் தவறில்லை. வாங்குபவரிடம் மறைக்காதிருந்தால் போதும். பழஞ்சுவடியைப் பதிப்பிப்பவர் சிதைந்த அடிக்குப் புள்ளியிட்டுக் காட்டுவார். தாமே பாடி நிரப்பிப் புலவர் தலையில் கட்டமாட்டார்.

புதுப்பூச்சு எல்லாமே இழப்பு என்று முடிவுகட்டவும் வரலாறு இடந்தரவில்லை. 1957இல் பொன்னிறத்தோடு பிறந்த ஒரு லெஸ் பால் கிட்டார் ரிக் டெரிஞ்சரிடம் இருந்தபோது, தேய்ந்துபோனமையால் கிப்சன் தொழிற்சாலைக்கே அனுப்பப்பட்டுச் சிவப்பாகத் திரும்பியது. அவருக்கு அது பிடிக்காமற் போக, விற்றுவிட்டார். எரிக் கிளாப்டன் வாங்கி, 1968இல் ஜார்ஜ் ஹாரிசனுக்கு அன்பளிப்பாகத் தந்தார். 'வைல் மை கிட்டார் ஜென்ட்லி வீப்ஸ்' என்னும் பாடலில் கிளாப்டன் வாசித்தது இச்சிவப்புக் கிட்டாரையே. முதல் உரிமையாளரின் பொன்னிறத்தை மீட்கிறேன் என்று இன்று ஒருவர் இதனை உரிப்பாராயின், அவர் மீட்பது ஒன்று; அழிப்பது அதனினும் பெரிது.

ஜான் லெனனின் எபிஃபோன் காசினோ இன்னும் சிக்கலானது. 1960களின் நடுவில் வாங்கியபோது அது சன்பர்ஸ்ட் வண்ணத்தில் இருந்தது. 1968இல் லெனனும் ஹாரிசனும் தத்தம் காசினோக்களின் பூச்சை உரித்து வெறும் மரமாக்கினர். அதன்பின் கருவி மேலும் நன்கு ஒலித்ததாக ஹாரிசன் கருதினார். காசினோ உள்ளீடற்ற உடலுடையது. அவர் கூற்றில் உண்மை இருக்கலாம். கட்டைமரக் கிட்டார்களுக்கு அதே நியாயத்தை நீட்டுவோரை நான் எளிதில் நம்பமாட்டேன். 1969 ஜனவரி 30 அன்று இலண்டனில் மாடிக்கூரை மீது நிகழ்ந்த இசையில் லெனன் வாசித்தது அவ்வெற்றுமரக் கிட்டாரே. 1990களின் இறுதியில் அக்கருவிக்கு நகல் செய்ய முனைந்த எபிஃபோன் நிறுவனம், அதன் எந்த நாளைத் தேர்வது என்ற இடர்ப்பாட்டை எதிர்கொண்டது போலும். இரண்டு கிட்டார்களைச் செய்து விற்றது: ஒன்று 1965ஆம் ஆண்டின் சன்பர்ஸ்ட் வண்ணத்தில், மற்றொன்று உரித்த மரமாக.