சத்தம் போடும் கற்கள்

மேரிபரோ கல் என்றாலே எல்லோரும் அதன் வயதுக்குப் போய்விடுகிறார்கள். 460 கோடி ஆண்டு என்றால் யார்தான் வாயைப் பிளக்கமாட்டார்கள்? 2015இல் டேவிட் ஹோல் என்பவர் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மேரிபரோ பூங்காவுக்கு மெட்டல் டிடெக்டரோடு போய், மஞ்சள் களிமண்ணில் கிடந்த அந்த 17 கிலோ கல்லை எடுத்துவந்தார். உள்ளே தங்கம் இருக்கும் என்று நம்பி ரம்பம், கிரைண்டர், டிரில், அமிலம், சம்மட்டி என்று எல்லாவற்றையும் பிரயோகித்தார். கல் மசியவில்லை. மெல்பர்ன் அருங்காட்சியகத்துக்குத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் அது விண்கல் என்று தெரிந்தது. அங்கே அதைப் பரிசோதித்தவர்களில் ஒருவர் டெர்மாட் ஹென்றி. 37 ஆண்டுகளில் மக்கள் விண்கல் என்று நம்பிக் கொண்டுவந்து காட்டிய கற்களில் இரண்டே இரண்டுதான் நிஜம் என்று அவர் சொல்லியிருக்கிறார். மற்ற கற்கள் அத்தனையும் என் கட்சி.

விண்கல் பிரியர்களோடு எனக்குச் சண்டை இல்லை. தங்கக்காரர்களோடு கொஞ்சம் உண்டு. மோலியாகுல், டனோலி, வெடர்பர்ன் பக்கம் டிடெக்டரின் காயிலை வீசிக்கொண்டு நடப்பவர்களுக்கு, தங்கத்தைப் போலவே சத்தம் போடவைத்து ஏமாற்றும் ‘ஹாட் ராக்’ கல் என்றாலே எரிச்சல். தோண்டுவார்கள், பழுப்பாக ஒரு உருண்டைக்கல் வரும், ஒரு வசவோடு அது புதருக்குள் பறக்கும். கெவின் ஹில்லியர் 1980இல் கிங்கவர் அருகே டிடெக்டர் வைத்து எடுத்த 27 கிலோ தங்கக்கட்டி இவர்கள் கண்ணை விட்டு இன்னும் அகலவில்லை. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் தங்கத்திடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது? கனமும் நிறமும் சேர்ந்தால் விஷயம் முடிந்தது. புதருக்குள் போன கல்லிடம்தான் கேள்விகள் இருக்கின்றன.

மேக்ஹெமைட் என்ற இரும்புத் தாதுவைச் சொல்கிறேன். ஹெமடைட்டில் உள்ள அதே இரும்பு, அதே ஆக்சிஜன், அதே விகிதம். அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதம் மட்டும் மேக்னடைட்டின் ஜாடை. அதனால்தான் ஹெமடைட்டைப் பெரிதாகக் கண்டுகொள்ளாத காந்தம் இதைக் கவ்விப் பிடிக்கிறது. இது உருவாகும் வழிகளில் எனக்குப் பிடித்தது காட்டுத்தீ. மேல்மண்ணில் கிடக்கும் கோதைட் கட்டிகள் எரியும் சருகோடு சேர்ந்து வேகும்போது உள்ளிருக்கும் நீரை இழந்து மேக்ஹெமைட் ஆகின்றன. யூகலிப்டஸ் காடு எப்போதோ எரிந்ததற்கு டிடெக்டர் இன்று குரல் கொடுக்கிறது. அதைப் போய் இயந்திரக் கோளாறு என்கிறார்கள்!

அது கோளாறே இல்லை. பல்ஸ் வகை டிடெக்டர் தன் காந்தப்புலத்தைச் சட்டென்று அணைத்ததும், கல்லுக்குள் இருக்கும் மிக நுண்ணிய காந்த மணிகள் உடனே அடங்குவதில்லை. சற்றுத் தாமதித்துத்தான் தணிகின்றன. புதைந்த உலோகத்தில் கிளம்பும் சுழல் மின்னோட்டமும் அப்படித்தான் தணியும். இயந்திரம் இரண்டையும் ஒன்றாக நினைப்பதில் ஆச்சரியம் என்ன? பிரித்தறிய வேண்டியது காது. ஹெட்போனில் ஓடிக்கொண்டிருக்கும் மெல்லிய ரீங்காரம் தம்புராவைப் போல. எந்தப் பிசகும் அதை வைத்துத்தான் தெரியும். பழைய விஎல்எஃப் வகை டிடெக்டரில் காயில் மேக்னடைட்டைத் தாண்டிப் போன பிறகு ‘பொய்ங்’ என்று ஒரு வழுக்கல் கேட்கும். தங்கம் அப்படியில்லை, நடுவில் கூராக நிற்கும். எனக்கு இதைப் பழக்கிய கிழவரிடம் திரையே இல்லாத பெட்டிதான் இருந்தது. மண்வெட்டியை எடுக்கும் முன்பே ஆணியா கல்லா என்று சொல்லிவிடுவார், பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இன்றைய கருவிகள் மண்ணின் குரலைத் தாமாகவே கழித்துவிட்டுத் திரையில் ஒரு எண்ணைக் காட்டுகின்றன. எண்ணைப் பார்த்துத் தோண்டுகிறவருக்குக் காது எதற்கு?

இதைவிட எரிச்சலூட்டுவது நியோடிமியம் காந்தம். எந்தக் கல்லைக் கண்டாலும் விண்கல்லா என்று அறிய முதல் காரியமாக அதை ஒட்டிப் பார்க்கிறார்கள். வடமேற்கு ஆப்பிரிக்காவில் கிடைத்த ‘பிளாக் பியூட்டி’ என்ற செவ்வாய் விண்கல்லின் துண்டுகளுக்கு நேர்ந்ததை 2023இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது: கைக்காந்தம் பட்டதில் பழைய செவ்வாயின் காந்தப் பதிவு துடைக்கப்பட்டிருந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகள் தாங்கிய பதிவு, ஒரு நொடி உரசலில் போச்சு.

காந்தமே வேண்டாம், டைல்ஸின் பூச்சில்லாத பின்பக்கத்தில் கல்லை ஒரு இழுப்பு இழுத்தால் பாதி வழக்கு தீர்ந்துவிடும். மேக்னடைட் கருப்பாகக் கீறும், ஹெமடைட் செம்பழுப்பாக, கோதைட் மஞ்சள் கலந்த பழுப்பாக. மேலோடு கெடாத விண்கல் அநேகமாக எந்தக் கீறலையும் பதிக்காது. அடுத்தது தண்ணீர். கல்லை நூலில் கட்டி முக்கி எடைபோட்டு, மொத்த எடையைக் குறைந்த எடையால் வகுக்க வேண்டும். மேக்னடைட் 5.2 காட்டும், கோதைட் 4.3ஐ ஒட்டி வரும். மேரிபரோ வகை விண்கல் 3.5ஐ ஒட்டியே நின்றுவிடும், பொய்க்கற்களைவிட லேசு. மேலெல்லாம் குமிழித் துளை இருந்தால் அநேகமாகப் பழைய உலைக் கசடு, வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

காந்தத்துக்குப் பதில் திசைகாட்டி போதும்; கல்லை அருகே கொண்டுபோனால் முள் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டியதுதான். ஃபோனிலேயே திசைகாட்டி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, இவர்கள் ஃபோனுக்கு வாங்கிப் போடும் உறையில் காந்தமும் இருக்கிறது.